மார்கரெட் மிஸ்ஸின் வம்சச் சுருள்

மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டினால், அது பசையாகத் திரளுவதற்குச் சற்று முன்னால் ஒரு வாடை வரும். பாதி பாலாடை போலவும் பாதி ஈரத்துணி போலவும் இருக்கும் அந்த வாடை, துபாயில், சத்வாவில் நாங்கள் இருந்த வீட்டு ஹாலில் வியாழக்கிழமை மாலைதோறும் நிறைந்து கிடந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுக்க என் உம்மா அந்தப் பசையைக் கிண்டியது என் பள்ளிக்கூட வேலைக்காக அல்ல. ஸ்காட்லாந்தில், ஆட்டையும் மழையையும் தவிர வேறொன்றும் இருப்பதாகத் தெரியாத ஒரு கிராமத்தில், எந்தக் காலத்திலோ செத்துப்போன வெள்ளைக்காரர்களை வரிசையாக ஒட்டிவைப்பதற்காக.

அந்தக் குளிர்காலத்தில்தான், நான் யார் என்பதில் எனக்கே ஒரு குழப்பம் வந்தது. இன்றைக்கும் அது முழுசாகத் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஒட்டச் சொன்னவர் மார்கரெட் மிஸ். அடுத்த வீட்டில் தனியாக இருந்தார், நர்சரிப் பள்ளி ஒன்றில் டீச்சர். வாப்பாவின் துணிக்கடையில் துணியெடுத்துப் பக்கத்து டெய்லரிடம் கவுன் தைக்கக் கொடுப்பவர், அந்தப் பழக்கத்தில் எங்கள் வீட்டுக்கும் வரப்போக இருந்தார். தன்னைவிட மூத்தவர் என்பதால் உம்மா அவரை "லாத்தா" என்றே கூப்பிட்டாள். எங்கள் ஊர்ப்பக்கம் அக்காவை அப்படித்தான் அழைப்போம். உம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, மிஸ்ஸுக்குத் தமிழ் வராது, நடுவில் ஒன்பது வயதில் நான் இரண்டு பேருக்கும் வாயாக இருந்தேன்.

மிஸ் தன் வம்சத்தைத் தேடிக்கொண்டிருந்தார். சுவரில் ஒட்டும் பூப்போட்ட காகிதச் சுருள் ஒன்றை வாங்கி, அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் பென்சிலால் பேர் எழுதிக் கோடு போட்டு, இடம் போதாதபோது இன்னொரு துண்டை ஒட்டிக்கொண்டே போனார். அவர் வீடு சோபாவும் மேஜையுமாக நெரிந்து கிடந்ததால் அதை விரிக்க அங்கே இடமில்லை. எங்கள் ஹாலிலோ நாற்காலி என்று ஒன்றுகூடக் கிடையாது, கம்பளமும் திண்டும்தான். அதனால் ஸ்காட்லாந்தின் முன்னோர்கள் எல்லாரும் எங்கள் கம்பளத்தில் வந்து படுத்துக்கொண்டார்கள். ஓரம் சுருளாமல் இருக்க உம்மா மசாலா டின்களைக் கொண்டுவந்து மூலைக்கொன்றாக வைப்பாள்.

மிஸ் அடிக்கடி சொன்ன "பாரிஷ்" என்ற சொல்லுக்கு எனக்குத் தமிழ் தெரியவில்லை. அங்கே ஒரு சர்ச்சும், அதைச் சுற்றி ஊரும், பிறந்தது கட்டியது செத்தது எல்லாவற்றுக்கும் சர்ச்சில் பதிவும் உண்டாம் என்று விளக்கினேன். உம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "நம்ம மஹல்லா மாதிரின்னு சொல்லேன், இதுக்குப் போயி இவ்வளவு இழுக்குறே" என்றாள். வாப்பாவுக்குத்தான் இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. "உசிரோட இருக்குற சொந்தக்காரங்களையே நமக்குச் சமாளிக்க முடியலை, இந்தம்மா மவுத்தானவங்களைத் தேடிக்கிட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார்.

மிஸ்ஸுக்கு இருந்த பெரிய தலைவலி, பேர்கள் எல்லாம் ஒன்றாகவே இருந்தது. வில்லியமின் மகன் ஜான், ஜானின் மகன் வில்லியம், ஜானின் தம்பி மகனும் வில்லியம். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பேர், மூத்த பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவள் பேர் என்று அந்த ஊரில் ஒரு வழக்கமாம். மிஸ் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். இதில் குழம்ப என்ன இருக்கிறது? எங்கள் வீட்டிலும் அப்படித்தானே? வாப்பாவைப் பெற்ற உம்மாவின் பேர் ஆமினா. அவருடைய ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவரும் தன் மூத்த பெண்ணுக்கு அந்தப் பேரை வைத்ததால் ஊரில் பெரிய ஆமினா, செவத்த ஆமினா, கிணத்தடி ஆமினா என்று வரிசையாக இருந்தார்கள். நான் "துபாய் ஆமினா".

எங்கள் ஹாலின் ஷோகேஸில் ஒரே ஒரு படம் இருந்தது. ஊர் ஸ்டுடியோவில் எடுத்தது. பூச்சாடியைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் மைப்பொட்டும் இடுப்புவரை தொங்கும் சங்கிலியுமாக ஒரு பெண்குழந்தை நிற்கும். வருகிறவர்கள் "ஆமினாவா இது?" என்று கேட்பார்கள். "ஆமா, ஆமினாதான்" என்பாள் உம்மா. நானும் அதை ஓடிப்போய்க் காட்டிப் பெருமையடித்துக்கொள்வேன். ஆனால் ஒரு கணக்கு மட்டும் எனக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. நான் பிறந்தது துபாய் ஆஸ்பத்திரியில்; முதன்முதலாக ஊருக்குப் போனது ஐந்து வயதில், பல் விழுந்த வாயோடு. தளர்நடைப் பிள்ளையாக நான் எப்படி ஊர் ஸ்டுடியோவில் நின்றேன்? வாப்பாவிடம் கேட்டதற்கு, "உனக்கு ஞாபகம் இருக்காது" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் மறந்துவிட்டது போலும் என்று என் மண்டையைத்தான் நான் சந்தேகித்தேன்.

அந்த வியாழக்கிழமை மிஸ்ஸுக்கு அந்தக் கிராமத்திலிருந்து, அவருடைய சித்தி மகள் அனுப்பிய தடித்த உறை வந்திருந்தது. உள்ளே சர்ச் பதிவின் நகல்கள். மிஸ் பார்த்துப் பார்த்துப் பென்சிலால் எழுத, நான் முழங்காலிட்டு ஊர்ந்து அவர் பின்னாலேயே வாசித்துக்கொண்டு போனேன். ஒரே அப்பா, ஒரே அம்மா, அவர்களுக்குக் கீழே ஒரு மார்கரெட், பக்கத்தில் இன்னொரு மார்கரெட். "மிஸ், இதை ரெண்டு தடவை எழுதிட்டீங்க" என்றேன்.

மிஸ் சிரிக்கவில்லை. "இல்லை செல்லம், ரெண்டு பேர் இருந்தாங்க. முதல் பாப்பா நடக்குறதுக்கு முன்னாடியே இறந்துடுச்சு. அடுத்துப் பிறந்த பாப்பாவுக்கு அதே பேரை வச்சாங்க. ரெண்டாவது மார்கரெட்தான் என் பாட்டியோட பாட்டி" என்றார்.

பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த உம்மா வழக்கம்போல, "என்னவாம்?" என்றாள்.

"முதப் புள்ளை மவுத்தாப் போச்சாம் உம்மா. அதனால அடுத்தாப்புல பொறந்த புள்ளைக்கும் அதே பேரை வச்சுட்டாங்களாம்."

உம்மாவின் கை கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. "அங்கேயுமா?" என்றாள். நான் அதையும் மிஸ்ஸுக்குச் சொன்னேன். அந்த "அங்கேயும்" எதற்கு என்று மிஸ்ஸுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. உம்மா விரல்களைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நமக்கும் அப்படித்தான்னு லாத்தாகிட்ட சொல்லு" என்றாள்.

நான் திரும்பி மிஸ்ஸிடம், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்களாம் என்று இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன். மிஸ் என்னைப் பார்த்தார், ஷோகேஸைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொண்டிருப்பது என்னைப் பற்றித்தான் என்று, சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உறைத்துவிட்டது.

உம்மா நிறுத்தவில்லை, என்னாலும் நிறுத்த முடியவில்லை. நான் வாயை மூடினால் அந்த ஹாலில் யாருக்கும் எதுவும் போய்ச் சேராது. வாப்பா முதல் விசாவில் துபாய்க்கு வந்தபோது உம்மா பிள்ளைத்தாய்ச்சி. பிள்ளை பிறந்து, உட்கார்ந்து, நின்று, ஸ்டுடியோவில் படமும் பிடித்து, அந்தப் படம் தபாலில் துபாய்க்கு வந்தது. பிறகு ஒரு காய்ச்சல். வாப்பாவின் கஃபீல், விசா கொடுத்த அரபி முதலாளி, லீவு கொடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "அவரு புள்ளையப் பார்க்கவே இல்லை லாத்தா. படத்தைத்தான் பார்த்தாரு" என்றாள் உம்மா. நான் அதையும் இங்கிலீஷில் சொன்னேன், பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி.

மிஸ் மெதுவாக, வேறு பேர் வைக்கத் தோன்றவில்லையா என்று கேட்டார்.

"பேரையும் சேர்த்துப் புதைக்க மனசு வரலை" என்றாள் உம்மா.

அன்று காலை வரைக்கும் நான் ஒற்றைப் பிள்ளை. மாலையில் இரண்டாவது பிள்ளையாகிவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நான் பெருமையடித்த படம் என்னுடையதல்ல. பேரும் முதலில் எனக்கென்று வைத்ததல்ல. உம்மா "ஆமினா" என்று கூப்பிட்டால் உடனே போகாமல், இது எனக்கா அவளுக்கா என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். "காது செவிடாப் போச்சா?" என்று திட்டு விழுந்தால், சரி, இது எனக்குத்தான் என்று தேறிப் போவேன். அவளைப் பற்றி மிஸ்ஸிடம் பேசும்போதெல்லாம் உம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கண்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. செத்துப்போன அக்காமேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

வாப்பாவிடம் கேட்டேன். "அல்லா ஒண்ணை எடுத்துக்கிட்டான், ஒண்ணைக் கொடுத்தான். கலாஸ், அவ்வளவுதான்" என்றார். ஷோகேஸ் கண்ணாடியைத் தோள்துண்டால் துடைத்துவிட்டுக் கடைக்குப் போனார். அவர் அதைத் தினமும் துடைப்பவர்தான் என்பதை அன்றைக்குத்தான் நான் கவனித்தேன்.

இன்னொரு வியாழக்கிழமை மிஸ் அந்தக் கிராமத்துக் கல்லறைக் கல்லின் படம் ஒன்றைக் காட்டினார். பாசி படிந்த கல்லில் அப்பா பேர், அம்மா பேர், வளர்ந்து செத்த பிள்ளைகளின் பேர் எல்லாம் இருந்தன. சின்ன மார்கரெட் இல்லை. உம்மா படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். "நம்மளதுக்குக் கல்லே கிடையாது. பொம்பளைங்க கபுருஸ்தானுக்குள்ள போறதும் இல்லை. எந்த இடம்னு எனக்குத் தெரியாது" என்றாள். மிஸ் தன் சுருளில் இரண்டு மார்கரெட்டுக்கும் தனித்தனியாகக் கோடு இழுத்து, முதல் கோட்டைக் கொஞ்சம் குட்டையாக விட்டார்.

மிஸ் சில வருடங்களில் ஊருக்குத் திரும்பிவிட்டார். சுருளையும் கொண்டுபோனார், கொஞ்ச காலம் வாழ்த்து அட்டைகள் வந்தன, பிறகு நின்றுவிட்டன. நாங்கள் இருந்த வீட்டையும் டெய்லர் கடையையும் இடித்து அங்கே உயரமாக எதையோ கட்டியிருக்கிறார்கள். போன தடவை போனபோது, எங்கள் ஹால் எந்த இடத்தில் இருந்தது என்று தெரியாமல் வெயிலில் நின்றுவிட்டு வந்தேன். வாப்பாவும் இல்லை. அப்போது எனக்குப் பள்ளி விடுமுறையாக இருந்த வியாழக்கிழமைகூட இப்போது அங்கே விடுமுறை நாள் அல்ல.

உம்மா இப்போது சென்னையில் என்னோடு இருக்கிறாள். சென்ற மாதம் என் மகள் போனில் வம்சாவளி போடும் ஆப் ஒன்றை இறக்கி, நச்சரித்து நச்சரித்து எல்லார் பேரையும் என்னிடம் கேட்டு ஏற்றினாள். என் பேரை ஏற்றினாள். நான் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இன்னொரு ஆமினாவையும் ஏற்றினாள். உடனே திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. அதே பேர், அதே தாய், அதே தகப்பன். இது ஒரே நபரா, ஒன்றாகச் சேர்த்துவிடலாமா என்று கேட்டது. இத்தனை வருடமாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்ததை அது பட்டென்று கேட்டுவிட்டது. மகள் போனை என்னிடம் நீட்டினாள். நான் அந்தக் கேள்வியை மறுபடி வாசித்தேன்.

கட்டிலில் சாய்ந்திருந்த உம்மா, "என்னவாம்?" என்றாள்.

"ரெண்டும் ஒரே ஆளான்னு கேக்குதும்மா."

"இல்லைன்னு அமுக்கு" என்றாள் உம்மா. "நான் பெத்தது ரெண்டு."