கீழறைக்குப் பௌசியா ராத்தா பார்த்த நிறம்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் போனபோது நான் பிரதான வீதியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய உம்மா என்று ஆண்களின் பெயர்கள் வரிசையாகப் போயின. இறந்தவரின் பெயர் கடைசியில் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கல்முனை பஸ் ஹோர்ன் அடித்தது. பக்கத்தில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற பெண்தான் சொன்னார்: "நம்மட தையல் பௌசியாதான், மகள். சுபஹுத் தொழுகை நேரம் மவுத்தாம்." நான் பஸ்ஸில் ஏறவில்லை.

ராத்தாவை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஊர்க் கட்டடத்தின் கீழறையில் காலையில் அவர் தையல் பழக்கினார். மாலையில் அதே அறையில் நான் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தேன். வயதில் அவர் எவ்வளவோ மூத்தவர், அதனால்தான் அக்கா முறையில் ராத்தா. இருந்தும் எங்களுக்குள் சண்டைதான் அதிகம்.

முதல் சண்டை அந்த அறையைப் பற்றியது. கட்டடத்தின் மேல்மாடி கல்யாண மண்டபம். வீதி மட்டத்தில் வாடகைக் கடைகள். பெண்களுக்கு இடம் கேட்டபோது தந்தது நிலத்துக்குள் பாதி இறங்கிக் கிடந்த கீழ்த்தளம். தரைக்கு ஓடு பதித்து, லைட் போட்டு, எல்லாம் முடித்துத்தான் தந்தார்கள். நிறம் மட்டும் பூசவில்லை. கூரையை ஒட்டிய ஒடுக்கமான ஜன்னல்களால் பார்த்தால் வீதியில் போகிறவர்களின் செருப்புகள் தெரியும். ஊரில் பாதிப் பேர் நாங்கள், எங்களுக்குச் செருப்புத்தான் காட்சியா என்று கத்தினேன்.

"கத்து புள்ள, நல்லாக் கத்து. ஆனா நோன்புக்கு முதல் ஆள் வராட்டி இதக் கடைக்காரருக்குச் சாமான் அடுக்கக் குடுத்திருவாங்க. மறுகா கத்துறதுக்கும் இடமிரிக்காது" என்றார் ராத்தா. கட்டட நிர்வாகம் அப்படித்தான் சொல்லியிருந்தது.

ஆள் வரவில்லை. இறங்கிப் பார்த்தவர்கள் வந்த வழியே ஏறிப் போனார்கள். "ராத்தா, இது உயிரோட அடக்குற கபுறு" என்றாள் ஒரு குமர்ப்பிள்ளை. "வெள்ளயும் பூசினா கபன் புடவையும் சரி" என்றாள் மற்றவள். ராத்தாவும் சேர்ந்து சிரித்தார். சிரித்தபடியே, கையிலிருந்த கலர் அட்டையில் வெள்ளையைப் பேனாவால் வெட்டினார்.

கடையில் அவர் தேர்ந்த இளமஞ்சள், கீழே டியூப் லைட்டில் வேறு நிறமாகிவிட்டது. "எல்லாருக்கும் மஞ்சக் காமால வந்த மாதிரி இரிக்கி" என்று அந்தக் குமர் கெக்கட்டமிட்டாள். அதிலிருந்து ராத்தாவுக்கு ஒரு யோசனை வந்தது. பெயின்ட் அடிக்கிற பாஸைக் கொண்டு ஒரே சுவரில் நாலைந்து மெல்லிய நிறங்களைக் கதவளவுக்குப் பூசுவித்தார். பூசி முடிந்ததும் அவரைத் தேத்தண்ணிக்கு அனுப்பிவிட்டு, அழைத்து வந்த அயல் பெண்களை முகம் திறந்து சுவரோரம் இருக்கச் சொன்னார்.

"சுவரப் பார்க்காதீங்க. பக்கத்தில இரிக்கிறவட முகத்தப் பாருங்க. எந்த நிறத்தில அவ வடிவா இரிக்கா?"

"இவவ எங்க வெச்சாலும் இந்த வடிவுதான் ராத்தா!"

"வாயப் பொத்து. உன்னப் பார்த்து அவ என்ன செல்லுறா எண்டு கேளு."

ஒரே ஒழுங்கையில் குடியிருந்தவர்கள் அன்றுதான் ஒருவரையொருவர் ஆறுதலாகப் பார்த்தார்கள். இந்த ஊரில் ஒரு பெண்ணின் முகத்துக்கு எது நல்லது என்று எல்லாரும் தீர்ப்புச் சொல்லுவார்கள். அந்த முகத்தை வைத்து ஒரு சுவருக்கு நிறம் பார்த்தவர் ராத்தா ஒருவர்தான். முடிவில் தேர்ந்தது மெல்லிய சிவப்புக் கலந்த பால் நிறம். அட்டையில் அதற்கு என்னவோ பெயர். எங்கள் பெண்கள் வைத்த பெயர் நோன்புக் கஞ்சிக் கலர்.

நிர்வாகத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. "லைட் கலர் அழுக்குக் காட்டும்" என்றார்.

"காட்டட்டும் ஹாஜியார். தெரிஞ்சாத்தானே துடைக்கலாம்."

அவர் கேட்கவில்லை. பள்ளிக்கூடங்களில் இருப்பதுபோல இடுப்பு உயரத்துக்குக் கடும் சாம்பல், அதற்கு மேல் கஞ்சிக் கலர் என்று பாஸிடம் சொல்லிப் பூசுவித்துவிட்டார். பாதியாவது கிடைத்ததே என்று ராத்தா இருந்துவிட்டார்.

அந்த வாரம் சித்தி மாமி தையல் பழக வந்தார். சித்தி அவர் பெயர்; கடல் வந்த அன்று, சுனாமியில், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். பாதிப் படியில் நின்றார். சுவரைப் பார்த்தார். திரும்பி ஏறினார். கடல் வந்தபோது நான் கைக்குழந்தை. அந்த நாள் எனக்குக் கேட்ட கதை. ஆழத்துக்குப் பயம் என்றுதான் நினைத்தேன். ராத்தா பின்னாலேயே போனார், நானும் போனேன். மதகுத் திண்டில் இருந்த மாமி சொன்னார்:

"வந்த தண்ணி நீலமில்ல புள்ள, கறுப்பு. வத்தினாப் பொறகு எங்கட ஊட்டுச் சுவரில இந்த உசரத்துக்குத்தான் கோடு கிடந்த. கழுவக் கழுவப் போகல்ல."

ராத்தா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் கழுவின கோடுதானே. எப்பிடி மறந்த நான்?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அங்கிருந்து நேரே தலைவர் வீட்டுக்கு நடந்தார். தலைவர் முற்றத்தில் நின்றார். ராத்தா ஸலாம் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஹாஜியார், உங்கட ஊட்டில தண்ணி எவ்வளவுக்கு நிண்ட?"

அவர் கோபமாக வாயைத் திறந்தார். ஆனால் கை தானாக உயர்ந்து கழுத்தடியில் நின்றது.

"அந்தத் தண்ணிக் கோட்டத்தான் கீழறையில கீறி வெச்சிருக்கம்" என்றார் ராத்தா.

தலைவர் கையை இறக்கினார். "முழுக்க உங்கட கலரப் பூசுங்க" என்றார். குரல் வேறாக இருந்தது. அவரை வெறுக்க மட்டுமே தெரிந்த எனக்கு அன்று என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு பழகிக்கொண்டேன், மேல்மாடி விடயத்தில் இன்றைக்கும் அவரோடு சண்டைதான்.

மூன்று தடவை பூசித்தான் சாம்பல் மறைந்தது. சித்தி மாமி அடிப் படி வரை வந்து, சுவரை மேலிருந்து கீழே பார்த்தார். உள்ளே வந்து மெஷினுக்கு முன்னால் இருந்தார். அவர் சொல்லி அவருடைய ஒழுங்கைப் பெண்களும் வந்தார்கள். நோன்பு வந்தபோது கடைக்காரருக்குக் கொடுக்க அங்கே இடமிருக்கவில்லை.

அனுதாபக் கூட்டத்தில் ராத்தாவின் ஸபூர் என்னும் பொறுமையைப் பற்றியே பேசினார்கள். கீழறைக்கு அவர் பெயரை வைப்போம் என்றும் சொன்னார்கள். வையுங்கள். ஆனால் நான் அறிந்த ராத்தா பொறுத்துக்கொண்டு இருந்தவர் இல்லை. ஒரு மனுஷி ஏன் திரும்பிப் போகிறாள் என்று எழுந்து பின்னால் போய்க் கேட்டவர். கேட்ட பதிலைக் கொண்டுபோய் உரிய ஆளின் முற்றத்தில் வைத்தவர். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நடையைத்தான். என்னிடம் கோபம் ஏற்கெனவே நிறைய இருந்தது. அதைக் கொண்டு எந்த வீட்டுக்குப் போவது என்பதைத்தான் அவரிடம் கண்டேன்.

மேல்மாடியில் எங்களுக்கு ஒரு பக்கம் வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் நிர்வாகத்திடம் கேட்கப் போகிறேன். சித்தி மாமியும் வருகிறார். "முடியுமா மாமி?" என்று கேட்டேன்.

"இறங்கத்தான் பயந்த நான்" என்றார். "ஏறுறதுக்கு என்ன பயம்?"