பூசைக்கு முன் ஒரு சாப்பாடு

பிள்ளையாருக்கு இனிப்புக் கொடுப்பது என் தொழில். அதே இனிப்பை நான் தொடக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. அனலைதீவில் ஒரு சிறிய பிள்ளையார் கோயிலில், என் தகப்பனாருக்குப் பிறகு நான்தான் பூசை செய்து வருகிறேன். மோதகம், சர்க்கரைப் பொங்கல், பஞ்சாமிர்தம் எல்லாம் என் கையால்தான் அவருக்குப் போகின்றன. அவர் எவ்வளவு சாப்பிட்டாலும் அவருக்கு ஒன்றும் செய்வதில்லை. சீனி வருத்தம் வந்தது எனக்கு.

அதைக் கேட்டுப் பயந்தது என் மனைவி. எனக்கு வந்தது கோபம். அந்தக் கோபத்தோடேயே ஊர்காவற்றுறைக் கிளினிக்கிலிருந்து படகேறி வந்து, விரலில் குத்திப் பார்க்கிற மெசின் ஒன்றை வாங்குவித்தேன். எதைச் சாப்பிட்டால் எவ்வளவு ஏறுகிறது என்பதை நானே பார்த்துவிடுவது என்று முடிவு. பனங்கட்டி ஏற்றாது என்று எங்கள் ஊரில் சத்தியம் பண்ணிச் சொல்வார்கள். ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்துவிட்டுக் குத்திப் பார்த்தேன். மெசின் ஊராரின் கட்சியில் இல்லை. அன்றோடு பனங்கட்டிக்கும் கும்பிடு போட்டேன். சோற்றைப் பாதியாக்கினேன். மாலைப் பூசை முடிந்ததும் இறங்குதுறை வரைக்கும் நடக்கத் தொடங்கினேன். ஐயர் யாரோ படகில் வருவதைப் பார்த்து நிற்கிறார் என்று முதலில் கொஞ்ச நாள் கதைத்தார்கள். பிறகு அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

சடங்கு வீடுகளில்தான் பெரிய இழுபறி. குடிபுகுதல் என்றாலும் திவசம் என்றாலும் பலகாரத் தட்டு முதலில் என்னிடம்தான் வரும். "ஐயா கை வைக்காமப் போனா எங்களுக்கு மனம் கேக்காது" என்பார்கள். முதலில் மழுப்பினேன். பிறகு நேரே சொல்லப் பழகினேன்.

"எனக்குச் சீனி. நீங்கள் ஆசையாத் தாறியள், எனக்குத்தான் ஏலாது. உழுந்து வடை இருந்தா ஒண்டு தாங்கோ."

ஒருவரும் கோபிக்கவில்லை. வடை கொஞ்சம் கூடவே வந்தது.

என் பிடிக்குள் வராதது காலைப் பூசை ஒன்றுதான். பூசை முடியாமல் நான் சாப்பிடுவதில்லை. தகப்பனாரும் அப்படித்தான் இருந்தார். விடிய ஒரு கோப்பை பசும்பால் மட்டும் குடிப்பேன். பால் விரதத்தைக் கெடுக்காது. சாதாரண நாட்களில் பூசை நேரத்தோடு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, சீனிக்கு டொக்டர் தந்த மருந்துக் குளிசையைப் போடுவேன். திருவிழாக் காலத்தில் மத்தியானம் தாண்டிவிடும்.

சென்ற வருடத் திருவிழாவுக்கு முன்னர் கோயில் தர்மகர்த்தா வீட்டுக்கு வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"குறை நினையாதேங்கோ ஐயா. இந்த முறை யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு குருக்களைக் கூப்பிடுவமோ? உங்களுக்கும் உடம்பு ஏலாது."

வெளியாள் ஒருவர் ஒருமுறை திருவிழாக் கொடியேற்றினால் அடுத்த வருடமும் அவர்தான் ஏற்றுவார். அதற்குப் பிறகு நான் அவருக்குப் பூ எடுத்துக் கொடுப்பவன். அது எனக்கும் தெரியும், தர்மகர்த்தாவுக்கும் தெரியும்.

"கொடி நான்தான் ஏத்துவன்" என்றேன். அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

கிளினிக்கில் என்னைப் பார்க்கிற டொக்டர் ஒரு இளம்பெண். அவர் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பினார். "பூசை பிந்தினா குளிசையும் பிந்தட்டும் ஐயா. சாப்பிடாமல் மட்டும் இதைப் போட்டிடாதேங்கோ, சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிப்போகும்." ஓம் ஓம் என்று தலையாட்டினேன். கொடியும் ஏற்றினேன். முதல் நாட்கள் நன்றாகவே போயின. ஆனால் குளிசை பிந்தியதால் பின்னேரம் மெசின் காட்டிய இலக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருடமாக அடக்கி வைத்திருந்ததை இந்தத் திருவிழா கெடுக்கிறதே என்று எரிச்சல். அதனால் ஒரு நாள் விடியப் பாலைக் குடித்தேன், குளிசையையும் விழுங்கினேன். விரதம் என்று வந்தால் பால் சாப்பாடில்லை. குளிசை என்று வந்தால் பால் சாப்பாடு. இரண்டு கணக்கும் எனக்குச் சரியாகவே பட்டன.

அன்றைய பூசைச் செலவை ஏற்ற உபயகாரர் கனடாவிலிருந்து வந்த குடும்பம். காலைப் படகில் வருவதாக ஏற்பாடு. சோளகக் காற்றில் கடல் கொந்தளித்துப் படகு நேரத்துக்கு வெளிக்கிடவில்லை. உபயகாரர் வந்து சங்கற்பம் செய்யாமல் அபிஷேகத்தைத் தொடங்க ஏலாது. ஊரே மண்டபத்தில் காத்திருந்தது. அவர்கள் நனைந்த உடுப்போடு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

பாலும் தயிரும் முடிந்து பஞ்சாமிர்தச் செம்பை எடுத்தேன். கை நடுங்கியது. மூலஸ்தானத்துச் சூட்டில் வழக்கமாக வரும் வியர்வை இல்லை, குளிர்ந்த வியர்வை. சிறுவயதிலிருந்து சொல்லி வரும் மந்திரத்தில் அடுத்த சொல் வரவில்லை. என்ன நடக்கிறதென்று எனக்கு விளங்கிவிட்டது. கையில் செம்பு நிறையத் தேனும் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும். ஒரு விரல் தொட்டு நக்கினால் போதும். ஆனால் படைக்காததை வாயில் வைக்க என் கை எழும்பாது. வெளியே போனால் கொடி என் கையை விட்டுப் போய்விடும். உள்ளே நின்றால் நான் பிள்ளையார்மேல் விழுவேன். அதை நினைத்ததும் எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கோபம் எனக்குப் பல இடங்களில் உதவியிருக்கிறது.

செம்பை வைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்து நிலத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்குச் சீனி இறங்கிப் போச்சு. இனிப்பா ஏதாவது தாங்கோ. கெதியா!"

முதலில் ஓடி வந்தவர் தர்மகர்த்தா. இடுப்பில் வேட்டி மடிப்பை அவிழ்த்து ஒரு டொபியை எடுத்து, உறையைக் கிழித்து என் வாயில் வைத்தார். அவருக்குப் பின்னால் பார்த்தால், எத்தனையோ மடிகளிலிருந்தும் கைப்பைகளிலிருந்தும் டொபிகள் நீண்டுகொண்டிருந்தன. கனடாக்காரர் மனைவி ஒரு பழச்சாறுப் பெட்டியை நீட்டினார்.

"உங்களுக்கும் சீனியோ?" என்று தர்மகர்த்தாவைக் கேட்டேன்.

"ஓம் ஐயா. ஆருக்கும் சொல்லேல்லை" என்றார் மெதுவாக.

நடுக்கம் நின்றது. மனைவி வீட்டிலிருந்து மெசினை எடுத்து வந்து குத்திப் பார்த்தாள். இலக்கம் ஆபத்தைத் தாண்டி ஏறியிருந்தது. அவள் கொண்டுவந்த இடியப்பத்தையும் எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டேன். கிணற்றில் தலை முழுகி ஈரத்தோடு திரும்பினேன். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

"ஐயா, மிச்சத்தை..." என்று தர்மகர்த்தா இழுத்தார்.

"மிச்சத்தையும் நான்தான் செய்வன். நாளையிலயிருந்து காலமை சாப்பிட்டுப்போட்டுத்தான் பூசைக்கு வருவன். ஆருக்காவது மறுப்பு இருந்தா இப்பவே சொல்லுங்கோ. பிறகு வெளியில போய்ப் படலையில நிண்டு கதையாதேங்கோ."

தர்மகர்த்தா பிள்ளையாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அவரே எந்த நேரமும் மோதகமும் கையுமா இருக்கிறார். உங்களை என்ன சொல்லப் போறார்? கொடி இறக்கிறதும் நீங்கள்தான் ஐயா. வாற வருசம் ஏத்துறதும் நீங்கள்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. தலையிலிருந்து வழிந்த தண்ணீரோடு சேர்த்துத் துடைத்துவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் விடியக் குளித்துவிட்டுக் குசினிக்குள் போனேன். குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும் ஆவி பறக்க இருந்தன. மனைவி இரண்டு தட்டு வைத்திருந்தாள்.

"ஏன் ரெண்டு?"

"இத்தனை வருசமும் நீங்கள் பூசை முடிச்சு வாறவரைக்கும் நானும் ஒண்டும் வாயில வைக்கிறேல்லை."

"ஒரு நாளும் சொல்லேல்லையே!"

"நீங்கள் கேக்கேல்லையே. இருங்கோ, ஆறப்போகுது."

தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். சந்தோசமாக இருந்தது. கலியாணம் செய்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் விடியற்காலையில் சேர்ந்திருந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் எனக்கு முன்னரே சாப்பிட்டு முடித்தாள்.