புதனுக்கும் சுக்கிரனுக்கும் நடுவில் சூரியன்

போன வாரம் மலையடிவாரத்து வத்திராயிருப்பில் என் மச்சினன் முருகேசனின் வயலில் நின்றேன். அறுப்புக்குத் தயாராக இருந்த நெல், பாய் விரித்த மாதிரி தரையோடு படுத்துக் கிடந்தது. மாசி மாதத்தில் இப்படி ஒரு மழையை யார் எதிர்பார்த்தார்கள்?

இரண்டு பேர் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒருவர் ஜோசியர். இன்னொன்று என் ஃபோன்.

ஜோசியருக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். கல்யாணப் பொருத்தமும் பார்ப்பார். ஆனால் அவருக்கு உயிர் மழைதான். சூரியன் திருவாதிரையில் நுழைகிற நேரம், மார்கழியில் மேகம் ஓடும் திசை, புதனும் சுக்கிரனும் எவ்வளவு நெருக்கம்... இதையெல்லாம் வைத்து மழை சொல்வார். சூரியன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்பது ஒருவகையில் காலண்டர்தானே, பருவத்தைச் சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் வியாழக்கிழமை மழை வருமா என்பதைச் சொல்லுமா? எனக்கு நம்பிக்கை கிடையாது. ராஜபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு சாட்டிலைட் படம் பார்க்கிற ஆள் நான்.

முருகேசனுக்குப் போன போகம் தண்ணீர் இல்லாமலே போயிற்று. மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். இந்த அறுப்பை நம்பித்தான் அவளுடைய அடுத்த வருஷப் படிப்பு.

ஊருக்குள் அறுவடை மெஷின் வந்து நின்றது. உடனே அறுப்பதா, கதிர் இன்னும் கொஞ்சம் முற்றட்டும் என்று விடுவதா? ஜோசியரைக் கேட்டான். புதனுக்கும் சுக்கிரனுக்கும் நடுவில் சூரியன் புகுந்திருக்கிறது, மழையைத் தடுத்துவிடும், பயப்படாதே என்றார். என்னையும் கேட்டான். ஃபோனைத் திறந்தேன். வாரம் முழுக்க மஞ்சள் சூரியன். தாராளமாக விடு மாப்ளே என்றேன். கிரகமும் விஞ்ஞானமும் ஒரே வார்த்தை சொன்ன அபூர்வமான நாள் அது!

மெஷின் அடுத்த ஊருக்குப் போயிற்று. மறுநாள் சாயங்காலம் மலை கறுத்தது. கொட்டித் தீர்த்துவிட்டது.

விஷயம் கேள்விப்பட்டு, காலையில் பஸ் பிடித்துப் போனேன். ஜோசியர் எனக்கு முன்பே வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றுக்குள் இறங்கி, சாய்ந்த கதிரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முருகேசன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். அவர் வந்ததிலிருந்து திட்டித் தீர்த்திருக்கிறான் போல — குரல் கட்டியிருந்தது.

"நான் பாத்தது எங்க ஊரு வானம், முருகேசா. உங்க மலையை நெனைக்காமச் சொல்லிட்டேன்" என்றார் ஜோசியர்.

எனக்குச் சுருக்கென்றது. என் ஃபோனில் இருந்த ஊர் ராஜபாளையம்! மலையடிவாரத்தில் ஓர் ஊரில் மழை கொட்டும்போது பக்கத்து ஊரில் புழுதி பறக்கும். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கிரகம் பார்த்தவரும் சரி, சாட்டிலைட் பார்த்தவனும் சரி, அவரவர் ஊர் மழையைத்தான் அவனுக்குச் சொல்லியிருக்கிறோம்.

ஜோசியர் அதோடு நிற்கவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, சேற்றில் இறங்கக்கூடிய செயின் மெஷின் ஒன்றைப் பிடித்துவிட்டார். தண்ணீர் வடிந்ததும் வந்துவிடுமாம். பாதி தேறும் என்றார். மீதி போனது போனதுதான். மகளிடம் என்ன சொல்வது என்று முருகேசன் கேட்டான்.

ஜோசியர் கிளம்பிப் போனதும், இனியாவது இந்தக் கிரகக் கணக்கை விட்டுவிடு என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

முருகேசன் நிமிர்ந்து பார்த்தான். "அவியளும் தப்பாத்தான் சொன்னாவ அத்தான். ஆனா விடியமுன்ன வந்து நின்னு, நான் பேசுன அம்புட்டையும் வாங்கிக்கிட்டாவ. ஒங்க ஃபோனை நான் என்னன்னு பேச?"

ஆரூடம் பலிக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பொய்த்துப்போன மறுநாள் யார் வந்து நிற்கிறார்கள் என்று விவசாயி பார்க்கிறான்.

நியாயமாக அவன் என்னைத்தான் திட்டியிருக்க வேண்டும். அக்காள் புருஷன் என்கிற மரியாதைக்காக, ஃபோனோடு நிறுத்திக்கொண்டான்.