லைனில் ஏறாத பெயர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பேட்டையில் ஒரு பம்புசெட் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். தற்காலிக வேலை. இந்தத் ‘தற்காலிகம்’ நான்கு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. என்னோடு சேர்த்து ஏழு பேர் அப்படி இருந்தோம். அதில் நான் ஒருத்திதான் பெண்.

மெட்ராஸ் தலைமை அலுவலகத்தில் திரை வைத்த மெஷின்கள் வந்ததும், அங்கே வேண்டாமென்று ஒதுக்கிய பழைய மெஷின் ஒன்றை எங்கள் தலையில் கட்டினார்கள். பெரிய டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். திரை கிடையாது. நான் அடிப்பதும் காகிதத்தில் விழும், மெட்ராஸ் கம்ப்யூட்டர் சொல்லும் பதிலும் அதே காகிதத்தில் விழும். பக்கத்தில் இரண்டு ரப்பர் குழிகள் வைத்த ஒரு பெட்டி. மெட்ராஸ் நம்பரைச் சுற்றி, அந்தப் பக்கம் கீச்சென்று நீளமாக ஒரு சத்தம் கேட்டவுடன் ரிசீவரைக் குப்புற அந்தக் குழிகளில் அமுக்கி வைக்க வேண்டும். அதற்குப் பிறகு எங்கள் மெஷினும் மெட்ராஸ் கம்ப்யூட்டரும் அந்தக் கீச்சுச் சத்தத்திலேயே பேசிக்கொள்ளும். பக்கத்தில் யாராவது பலமாகத் தும்மினால்கூடக் காகிதத்தில் கன்னாபின்னாவென்று எழுத்து விழும்.

முதலில் லைன் கிடைக்க வேண்டுமே. “இந்தத் தடத்தில் அனைத்து இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன” என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். அவளை நான் திட்டாத திட்டு இல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை மேனேஜர். அலுவலகத்துக்கு இருந்தது ஒரே லைன். அதிலிருந்து ஒரு கிளை அவர் அறைக்குப் போயிருந்தது. நான் மெட்ராஸோடு இணைந்திருக்கும்போது அவர் தன் போனை எடுத்தால் போதும், எல்லாம் போச்சு. அவர் போன் மேல் ‘எடுக்க வேண்டாம்’ என்று ஒரு அட்டை எழுதி வைத்தேன். அதை அவர் இரண்டாகக் கிழித்து என் மேஜையில் கொண்டு வந்து போட்டார்.

“என் ரூம் போனை நான் எடுக்கதுக்கு உங்கிட்ட பெர்மிசன் கேக்கணுமோ?”

நூறு கோட்டை விதைப்பாடு நிலம் வைத்திருந்த குடும்பமாம் அவருடையது. நிலம் போன பிறகும் அந்த மிடுக்கு போகவில்லை. அதனால் நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ரிசீவர் குழியில் இருக்கும் நேரம் முழுக்க ஸ்டோர் பார்க்கும் அண்ணாச்சி மேனேஜர் அறை வாசலில் நிற்பார். மேனேஜர் கை போன் பக்கம் போனால், “சார், லைன்ல மெட்ராஸ் இருக்கு” என்று பணிவாகச் சொல்வார். ஆண் பிள்ளை சொன்னால் மேனேஜருக்குக் காது கேட்கும்.

ஒருநாள் மத்தியானம், நிரந்தரமாக்க வேண்டியவர்களின் பட்டியலை அன்று சாயங்காலம் ஐந்துக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. ஐந்துக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். சேர்ந்த வரிசைப்படி நான் மூன்றாவது. அடிப்பதும் நானே என்பதால், என் பெயரை நடுவில் செருகிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. பந்தியில் பரிமாறுகிறவள் முதலில் உட்காருவாளா? என் பெயரைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். அப்படித்தான் எங்களை வளர்த்திருந்தார்கள். நாசமாய்ப் போன வளர்ப்பு.

நாலரைக்குத்தான் லைன் கிடைத்தது. ஒரு பெயர், ஊர், சேர்ந்த தேதி என்று அடித்து முடித்தால், மெட்ராஸிலிருந்து ‘ஓகே’ என்று விழும். ஒவ்வொரு ஓகேவுக்கும் உரியவர் வந்து எட்டிப் பார்த்தார். ஒருத்தர் காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. ஆறாவது அண்ணாச்சியின் பெயர். வயதில் மூத்தவர், வேலைக்குச் சேர்ந்ததில் கடைசி. ஓகே விழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாசலில் நின்றவரைக் கைகாட்டி நானே கூப்பிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பைய நடந்து வந்து குனிந்து பார்த்தார்.

நான் என் பெயரில் பாதி அடித்திருப்பேன். உள்ளேயிருந்து மேனேஜர் குரல் கேட்டது.

“அலோ, பாபநாசத்துக்கு வண்டி சொல்லியாச்சா? அலோ! யாருவே அது லைன்ல கீச்சு கீச்சுன்னு?”

காகிதத்தில் ஒரு வரி முழுக்கக் குப்பை எழுத்து விழுந்தது. பிறகு மெஷின் நின்றுவிட்டது. ஐந்து மணி வரை விரல் வலிக்க நம்பரைச் சுற்றினேன். அனைத்து இணைப்புகளும் உபயோகத்தில் இருந்தன.

மறுநாள் குப்பை விழுந்த அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். என் பெயர் விட்டுப்போனதை மெட்ராஸுக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

“நான் எங்க போன் எடுத்தேன்? மிஷினு கோளாறா இருக்கும். வரிசைப்படி மூணாவதா போட்டிருந்தா உம்பேரு ஏறியிருக்கும்லா? யாரு உன்னைய கடைசில போடச் சொன்னா?”

நான் காகிதத்தோடு வெளியே வந்தேன். முந்தின நாள் அவர் போனில் சத்தம் போட்டதை ஆறு பேரும் கேட்டிருந்தார்கள். ஒருத்தரும் எழுந்து வரவில்லை. அலுவலகத்தில் அவ்வளவு வேலை எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் நான் இணைப்புக் கொடுத்ததும் மெட்ராஸிலிருந்து ஒரு கேள்வி விழுந்தது. உங்கள் கிளையில் ஆறு பெயர்கள் வந்திருக்கின்றன, சரிதானா? மேனேஜர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“சரின்னு அடி. இப்ப ஏழுன்னு சொன்னா மொத்த லிஸ்ட்டையும் நிறுத்தி வச்சிருவான். ஆறு பேரு பொழப்பைக் கெடுத்துராத. உனக்கு அடுத்த லிஸ்ட்ல பாத்துக்கிடுவோம்.”

நான் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

“எனக்கு மூணு பொம்பளப் பிள்ளைங்க இருக்குல்லா, தாயி. அடிச்சிரும்மா.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரிசீவரைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். ‘ஏழு’ என்று ஒரு சொல் அடித்திருக்கலாம். இத்தனை வருஷமாக மனசுக்குள் எத்தனையோ தடவை அதை அடித்துப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு ‘ஆறு, சரி’ என்று அடித்தேன். லைன் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அடுத்த பட்டியல் வரவேயில்லை. இரண்டு வருஷம் கழித்து நானாகவே நின்றுவிட்டேன்.

மெட்ராஸுக்குச் செய்தி அடித்த ஒவ்வொரு காகிதத்தின் அடியிலும் அனுப்பியவர் பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் விதி. அன்றைக்கு நான் அடித்து முடித்ததும் மேனேஜர் தன் பேனாவைத் திறந்து நீட்டினார். ஆறு பேர்தான் என்று சொல்லும் காகிதத்தில் என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.