புது அரிசி, நூற்றிருபது மூட்டை

டெக்சாஸில் கராஜ் என்பது காரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வைக்கும் இடம். ஆலன் நகரில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கராஜைத் திறந்தாலும் பழைய சோபா, கிறிஸ்துமஸ் விளக்குகள், யாரும் ஏறாத சைக்கிள் என்று ஏதாவது எட்டிப் பார்க்கும். எங்கள் வீட்டிலும் பாதிக் கராஜ் அப்படித்தான் இருந்தது. மறுபாதியில், நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம், நூற்றிருபது மூட்டை அரிசி இருந்தது. வாங்கி வைத்தவள் என் அம்மா. எங்களுக்குக் கடை எதுவும் கிடையாது.

அம்மா விருதுநகர்க்காரி. அவளுடைய அப்பா அங்கே தானிய மண்டி வைத்திருந்தவர். அறுவடையில் மலிவாக வாங்கி அடுக்கி வைத்து, விலை ஏறியதும் விற்பவர். லாபம் விற்கும்போது வருவதில்லை, வாங்கும்போதே வந்துவிடுகிறது என்பது அந்த வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு. அம்மா பி.காம். படித்தாள். மண்டியில் உட்காருவதற்கு இரண்டு மாமாக்கள் இருந்ததால், அவளை மென்பொருள் எஞ்சினியரான அப்பாவுக்குக் கட்டிக்கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா சென்னைக்காரர். அரிசி பிளாஸ்டிக் பையிலேயே விளைகிறது என்று நினைக்கும் மனிதர் என்பது அவரைப் பற்றி அம்மாவின் கருத்து.

அம்மாவுக்கு இருந்தது அப்பாவின் மனைவி என்ற முறையில் கிடைத்த விசா. அதை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் இருக்கலாம், கார் ஓட்டலாம், கோயில் வாசலில் கோலம் போடலாம். சம்பாதிக்க மட்டும் கூடாது. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டு எங்கள் குடும்பம் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அது கைக்கு வரும்வரை அம்மா ஒரு டாலர் சம்பாதித்தாலும் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியிருக்கும் என்று அப்பா பயந்தார். இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிய வந்தவை. அப்போது தெரிந்ததெல்லாம், மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் காலையில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு எங்கேயோ போவார்கள், என் அம்மா போக மாட்டாள் என்பதுதான்.

அரிசி விஷயம் தற்செயலாகத் தொடங்கியது. ஊரில் அறுவடையான புது அரிசி கப்பலேறி, குளிர்காலத்தின் கடைசியில் எங்கள் பக்கத்து இந்தியக் கடைக்கு வந்து சேரும். புது அரிசி குழையும். வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து, பிராண்ட் சரியில்லை என்று கடைக்கார குஜராத்தி அங்கிளிடம் சண்டை போடுவார்கள். அவரும் விலையைக் குறைத்து வாசலில் அடுக்கிவிடுவார். ஒருநாள் அம்மா அங்கே சிந்திக் கிடந்த நாலு அரிசியை எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தாள். அரிசியில் ஒரு குறையும் இல்லை, வயதுதான் போதாது என்றாள். பன்னிரண்டு மூட்டை வாங்கி வந்து, நவராத்திரி வரை கராஜில் கிடக்கவிட்டாள். கொலுவுக்கு வந்த ஆன்ட்டிகள், பொலபொலவென்று உதிர்ந்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, அது என்ன அரிசி என்று விசாரித்தார்கள். ஆளுக்கொரு மூட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் பணத்தை வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். அது விற்பனையா மரியாதையா என்று அப்பாவால் கடைசிவரை முடிவுசெய்ய முடியவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் இருபது மூட்டை வாங்கப்போவதாக அம்மா சொன்னாள். கடை வேன் வந்து நின்றபோது நூற்றிருபது இறங்கின. அப்பா மூன்று நாட்கள் அவளோடு பேசவில்லை. அவளுக்கும் பேச நேரமில்லை. சிமெண்ட் தரை ஈரம் இழுக்கும் என்று, கடைகளின் பின்புறம் கிடக்கும் மரப்பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து அடியில் போட்டாள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கினாள். பூச்சி வராமலிருக்க இடுக்குகளில் காய்ந்த மிளகாய் வைத்தாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேல் மூட்டை கீழே போகும், கீழ் மூட்டை மேலே வரும். ஊரில் ஒரு வருடம் ஆகிற காரியம், இந்த ஊர் கராஜ் சூட்டுக்கு ஆடி மாதத்திலேயே முடிந்துவிடும் என்பது அவள் கணிப்பு.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிசியைக் கடித்துப் பார்ப்பது. புது அரிசி பல்லுக்கடியில் மாவாக நசுங்கும். பழையது டக்கென்று இரண்டாக உடையும். நான் கண்ணை மூடிக்கொண்டு கடித்துவிட்டு, இன்னும் இல்லை என்று ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொல்வேன். அம்மா மறுபேச்சில்லாமல் மூட்டையின் வாயைக் கட்டுவாள். அந்த வீட்டில் வேறெந்த விஷயத்திலும் என்னை யாரும் கலந்து ஆலோசித்ததில்லை.

ஏப்ரலில் ஆலங்கட்டி மழை பெய்தது. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. கராஜில் இடமில்லாமல் வெளியே நின்ற அப்பாவின் புதுக் கார் பத்தே நிமிடத்தில் அம்மை போட்ட முகம்போல ஆகிவிட்டது. அப்பா ஜன்னலருகே கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அரிசி ஒரு மணிகூட நனையாமல் இருந்தது.

“காருக்கு இன்சூரன்ஸ்ல வந்துரும். அரிசி நனைஞ்சா யாரு குடுப்பா?” என்றாள் அம்மா.

அவள் சொன்னது சரிதான். சொல்வதற்குச் சரியான நேரம் அதுவல்ல என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த மழைக்குப் பின் கொஞ்ச நாளில், இந்தியாவிலிருந்து அரிசி ஏற்றுமதியை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி ஊரெல்லாம் பரவியது. கடைகளில் தலைக்கு ஒரு மூட்டை என்று எழுதி ஒட்டினார்கள். விலை ஒரே வாரத்தில் இரட்டிப்பானது. ஆபீஸில் கோடிங் எழுதுகிற பெரிய மனிதர்களெல்லாம் காலை ஆறு மணிக்கே கடை வாசலில் நின்றார்கள். கொலுவுக்கு வந்திருந்த ஆன்ட்டிகளுக்கு எங்கள் கராஜ் ஞாபகம் வந்தது. அம்மா எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள், ஆடி வரட்டும். வீட்டில் ஒரு பிடி இல்லை என்றவர்களுக்கு எங்கள் சமையலறை டப்பாவிலிருந்து அளந்து கொடுத்தாளே தவிர, மூட்டையைத் தொடவில்லை. பழசாகாததை விற்றால் விற்றவள் பெயர்தான் கெடும் என்றாள்.

ஒரு சனிக்கிழமை குஜராத்தி அங்கிளே வீட்டுக்கு வந்தார். பலகையைப் பார்த்தார், சுவர் இடைவெளியைப் பார்த்தார், மிளகாயைப் பார்த்தார். நாலு அரிசி எடுத்துக் கடித்தார். பிறகு, மொத்தத்தையும் இன்றைக்கே எடுத்துக்கொள்வதாக ஒரு விலை சொன்னார். அப்பா அதை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அம்மா அங்கிளுக்கு டீ போட்டுக் கொடுத்து, ஜூலைக்கு வாருங்கள் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, உங்கள் மனைவி என் அப்பாவைப் போலப் பேசுகிறார் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் அம்மா எதையோ பாடிக்கொண்டே வேலை செய்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பின்பும் பார்த்ததாக நினைவில்லை.

சாயங்காலம் அப்பா ஆரம்பித்தார்.

“இனிமே இது ஃப்ரெண்ட்ஸுக்குக் குடுக்கறது இல்ல. கடைக்காரரே வீட்டுக்கு வந்து ரேட் பேசறாரு. நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்றது? கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கோம்.”

“வீட்டுச் செலவுக்குன்னு சொல்லுங்க.”

“நூத்தியிருபது மூட்டையா?”

“நமக்குப் பசி ஜாஸ்தின்னு நினைச்சுக்கிடட்டும்.”

அப்பா சிரிக்கவில்லை. கடைசியில், இந்த ஒரு ஆடிக்கு மட்டும் விற்றுக்கொள்கிறேன், அதோடு விட்டுவிடுகிறேன் என்று அம்மா இறங்கி வந்தாள். அப்பாவும் அரைமனதாகச் சரி என்றார்.

மே மாதம் எங்கள் பள்ளியில் ஓபன் ஹவுஸ். பெற்றோர் வந்து பிள்ளைகளின் வேலைகளைப் பார்க்கும் நாள். அதற்காக டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்து, அம்மா அல்லது அப்பா செய்யும் வேலையைப் பற்றி எழுதச் சொன்னார். அப்பா என்ன வேலை செய்கிறார் என்பது எனக்கு அன்று புரியவில்லை, இன்றும் முழுதாகப் புரியவில்லை. அதனால் அம்மாவைப் பற்றி எழுதினேன். என் அம்மா அரிசி வாங்குகிறாள். யாருக்கும் வேண்டாதபோது வாங்கி, எல்லாருக்கும் வேண்டும்போது விற்பாள். அவளிடம் நூற்றிருபது மூட்டை இருக்கிறது. கடைக்காரரே வந்து அவளிடம் கேட்டார். அவள்தான் பாஸ். நான் அவளிடம் வேலை பார்க்கிறேன். கீழே மூட்டைகளையும், அவற்றைவிட உயரமாக அம்மாவையும் வரைந்தேன். டீச்சர் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டிச் சுவரில் மாட்டினார்.

அன்று மாலை நாங்கள் வகுப்பறைக்குள் நுழைந்தபோது அந்தத் தாளின் முன்னால் ஒரு அங்கிள் நின்று படித்துக்கொண்டிருந்தார். அப்பாவோடு ஒரே ஆபீஸில் வேலை செய்பவர், அவர் மகளும் என் வகுப்பு. கிரீன் கார்டு வரிசையில் அவரும் எங்களுக்குச் சற்றுப் பின்னால்தான் நின்றார்.

“என்ன மேடம், பெரிய பிசினஸ் போல. எங்ககிட்ட சொல்லவே இல்ல?” என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் வீட்டில் அரிசி தீர்ந்திருக்கலாம். ஆனால் அப்பா அளவுக்கு மீறிச் சிரித்தார்.

“பிள்ள சும்மா விளையாட்டுக்கு எழுதியிருக்கா, சார்” என்றாள் அம்மா.

பிறகு அவள் தாளைச் சுவரிலிருந்து எடுத்தாள். என்னுடைய சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்தாள். ‘வாங்குகிறாள்’ என்பதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ‘சமைக்கிறாள்’ என்று ஆங்கிலத்தில் எழுதினாள், என் கையெழுத்தைப் போலவே கோணலாக. மற்ற வரிகளை முழுவதும் அழித்தாள். தூளை ஊதிவிட்டுப் பழையபடி மாட்டினாள். என் அம்மா அரிசி சமைக்கிறாள் என்ற ஒரே வரியும், அதற்குக் கீழே மலைபோல மூட்டைகளும் அம்மாவும், மேலே தங்க நட்சத்திரமும் மிஞ்சின.

  அம்மாவுக்கு அரிசி விற்பது கேவலமாக இருக்கிறது, அதனால்தான் எல்லார் முன்னாலும் பொய் சொன்னாள் என்று திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் உட்கார்ந்து முடிவுகட்டினேன்.

ஒரு வாரத்தில் கராஜ் காலியாயிற்று. பள்ளம் விழுந்த காரில் அப்பா வீடு வீடாகப் போய் ஒன்றிரண்டு மூட்டை இறக்கினார். மீதியைக் கோயில் மடப்பள்ளிக்குக் கொடுத்தார்கள். யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. குஜராத்தி அங்கிள் இரண்டு முறை போன் செய்தார். அம்மா எடுக்கவில்லை, அப்பாதான் எடுத்து எல்லாம் தீர்ந்துவிட்டது என்றார். அதன்பின் அந்தக் கார் உள்ளே நின்றது. அந்த வருடம் அதற்கப்புறம் ஆலங்கட்டி மழை பெய்யவில்லை.

கிரீன் கார்டு நான் ஹைஸ்கூல் முடித்த வருடம் வந்தது. அம்மா ஒரு பல் டாக்டரிடம் முன்மேஜை வேலைக்குச் சேர்ந்தாள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போகிறாள். கடை வாசலில் புது அரிசி அடுக்கியிருந்தால் இன்னமும் நடை கொஞ்சம் தயங்கும். ஆனால் நிற்க மாட்டாள்.

கராஜ் காலியான அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அன்னதானம். எங்கள் அரிசிதான். சாம்பார் சாதம் பசையாகக் குழைந்திருந்தது. வரிசையில் யாரோ, இன்றைக்குக் கஞ்சியா போடுகிறார்கள் என்று கேட்டார்கள். நாங்கள் ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒரு பருக்கையை எடுத்து விரலுக்கிடையில் நசுக்கிப் பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா,” என்றாள். “ஆடி வரைக்கும் விட்டிருந்தா இதோட அருமை இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அவள் அதை என்னிடம்தான் சொன்னாள். வாராவாரம் கடித்துப் பார்த்தவள் நான் ஒருத்திதானே.

“பட் யூ ஜஸ்ட் குக் ரைஸ், அம்மா” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள்.  தட்டிலிருந்ததை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, கை கழுவ எழுந்து போனாள். பொய் சொன்னவளை மடக்கிவிட்ட திருப்தியில் நான் இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டேன்.