குழாய் ஸ்பீக்கருக்கு எட்டாத அருள்சாமி

காரைக்குடிக்கு டிஸ்கோ வந்து சேர்ந்தபோது உலகம் அதைத் துவைத்துக் காயப்போட்டிருந்தது. ஆனாலும் செக்காலை அருள்சாமிக்கு அது அன்றைக்குத்தான் பிறந்த குழந்தை. பளபளக்கும் சட்டை, தெருவைப் பெருக்கிக்கொண்டு வரும் பெல்பாட்டம், தோளில் நான்கு தந்தி பேஸ் கிட்டார். 'டிஸ்கோ டயமண்ட்ஸ்' இன்னிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவர் அவர்தான். அப்படி ஒருவர் வாசிக்கிறார் என்பது குழுவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

காரணம், கச்சேரிகளுக்கு ஒலிபெருக்கி கட்டும் வாஹித்தின் மைக்செட். மரத்தின் உச்சியில் அவர் கட்டும் குழாய் ஸ்பீக்கர், பாடகியின் மூச்சைக்கூட நாலு ஊருக்குக் கொண்டுபோகும். ஆனால் பேஸ் மாதிரி அடியில் உருளும் கனமான சத்தம் எதையும் வெளியே விடாது. அருள்சாமி விரல் தேய வாசித்ததெல்லாம் அந்தத் தகரத்துக்குள்ளேயே சமாதியாகிவிடும்.

கல்யாணமான புதிதில் மனைவி சந்தனமேரியை முன்வரிசையில் உட்கார வைத்து, அன்று உயிரைக் கொடுத்து வாசித்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்:

"எல்லாரும் நல்லா வாசிச்சாக. நீங்க மட்டும் ஏன் சும்மா நின்னுக்கிட்டு இருந்தீக?"

புதுப்பெண்டாட்டி கேட்கக்கூடாத கேள்விகளில் இது முதலாவது. அவளை ஒரு தடவையாவது தன் வாசிப்பைக் கேட்க வைத்துவிடுவது என்ற வைராக்கியத்தில்தான் அருள்சாமி கேசட் தயாரிப்பாளர் ஆனார். கலைச்சேவை என்று பிற்பாடு மேடைகளில் சொன்னதெல்லாம் சும்மா.

மதுரையில் ஒரு சின்ன ஸ்டுடியோவைப் பிடித்துத் 'தகதக டிஸ்கோ' என்ற கேசட்டைப் பதிவு செய்தார். வாசிப்பவரே தயாரிப்பாளராகவும் இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. பாடகர் பின்னுக்குப் போனார். முதல் பாட்டின் தொடக்கத்தில் நீண்ட நேரம் பேஸ் மட்டும் தனியாக நடைபோட்டது. ஹெட்போனில் அதைக் கேட்டுத் தயாரிப்பாளர் கண் கலங்கினார். இப்படி ஒரு கலைஞனை இத்தனை நாள் யாரும் கண்டுகொள்ளவில்லையே என்று அவருக்கே அவர்மேல் பரிதாபம் வந்தது.

வீட்டு டேப்ரிக்கார்டரின் சின்ன ஸ்பீக்கரில் சந்தனமேரிக்குப் பாடகர் மட்டும்தான் கேட்டார். அந்தக் காலத்தில் இங்கே ஒரு பாட்டு பிரபலமாவது கல்யாண வீட்டு மைக்செட்டில்தான். எனவே அருள்சாமி முதல் கேசட்டை வாஹித்திடமே கொடுத்தார். எந்தக் குழாய் தன்னை விழுங்கியதோ அதே குழாய்க்குத் தன்னைத் தட்டில் வைத்துக் கொடுக்கும் புத்தி எல்லோருக்கும் வாய்க்காது.

சாக்கோட்டையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வாசலுக்கு வரும் நேரம் பார்த்து வாஹித் கேசட்டைத் தட்டிவிட்டார். உள்ளே பேஸ் ராஜநடை போட, வெளியே குழாய் கப்சிப். துக்கம் விசாரிக்க வந்தவரைப் போல மாப்பிள்ளை அமைதியாகக் காரிலிருந்து இறங்கினார். பெண்ணின் தாய்மாமன் வாஹித்தின் சட்டையைப் பிடித்தார். மறுநாள் காலை வாஹித் கிழிந்த சட்டையோடு செக்காலைக்கு வந்தார்.

"என்னப்பா அருளு, பாட்டு கேட்டா வெறுங் கேசட்டக் குடுத்திருக்க?"

"பாட்டு இருக்கு வாஹித்து. ஒன் கொழாய்க்குத்தான் காது இல்ல."

"கொழாய்க்கு எதுக்குய்யா காது? வாய் இருந்தாப் போதும்."

சுற்றுவட்டாரக் கடைகளிலிருந்து கேசட்டுகள் திரும்பி வந்தன. அதன்பின் அருள்சாமி திருந்தினார். மாரியம்மனுக்கும் மாதாவுக்கும் நாகூராருக்கும் பாரபட்சமில்லாமல் பக்திக் கேசட் போட்டார். குழாய்க்குத் தோதான கீச்சுக்குரல்களாகப் பொறுக்கி எடுத்தார். "பேஸக் கொறைங்கண்ணே" என்று யார் சொன்னாலும், டீ வாங்கி வருபவர் சொன்னாலும், மறுபேச்சில்லாமல் குறைத்தார். கேசட்டுகள் பிய்த்துக்கொண்டு போயின. சிவகங்கையில் ஒரு சங்கம் பொன்னாடை போர்த்தி, இசைக்கு அவர் செய்த தொண்டைப் பாராட்டியது. தன்னைத் தானே அமுக்கிக்கொண்டது பெரிய தொண்டுதான்.

கேசட் போய் சி.டி. வந்து, அதுவும் போனது. அருள்சாமியின் தலை நரைத்தது. சந்தனமேரிக்குக் காது மந்தமானது. சன்னமான சத்தமெல்லாம் போய்விட்டது, கனமான சத்தம் மட்டும் மிச்சம் என்றார் டாக்டர். புருஷன் பேச்சு கேட்காது, வீட்டு மணி கேட்காது. தெருவில் பஸ் போனால் மட்டும், "பஸ்ஸு போகுது" என்று சரியாகச் சொல்வாள். மிச்சமிருப்பதும் போவதற்குள் தன் பேஸை அவள் கேட்டுவிட வேண்டுமே என்று அருள்சாமி பரணில் ஏறிப் பழைய பெட்டியைக் கிளறினார்.

போன மாதம் அவளுடைய அண்ணன் பேத்தி மரிய அனிதாவின் கல்யாண வரவேற்பு. வாஹித்தின் மகன் நாசர்தான் டி.ஜே. குழாயை எடைக்குப் போட்டுவிட்டு, பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகளை நிறுத்தியிருந்தான். வீட்டில் மிஞ்சியிருந்த ஒற்றைத் 'தகதக டிஸ்கோ' கேசட்டை அருள்சாமி முன்கூட்டியே கொடுத்து, பென் டிரைவில் ஏற்ற வைத்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மனைவியையும் உட்கார வைத்தார்.

"மாமா, அங்குட்டுத் தள்ளி உக்காருங்க. நெஞ்சுக்கு ஆகாது" என்றான் நாசர்.

"இம்புட்டு நாள் ஆகாம இருந்தது போதும். நீ போடு."

பாட்டு தொடங்கியது. தரை அதிர்ந்தது. மேசையில் பாயாசக் கிண்ணங்கள் குலுங்கின. சந்தனமேரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"யாரு வாசிக்கிறது?"

அருள்சாமி தன்னைத் தொட்டுக் காட்டினார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்புட்டும் நீங்களா? சும்மா நின்னீகன்னுல்ல நெனச்சேன்."

அருள்சாமி அழுதார். அதைப் பார்க்க மண்டபத்தில் யாருக்கும் நேரமில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு கையசைக்க, நாசர் பேஸை அடியோடு இறக்கினான். பாடகரின் குரல் மணிமணியாக எழுந்தது. எல்லோரும் தலையாட்டி ரசித்தார்கள்.

சந்தனமேரி மட்டும் பெட்டியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் நிப்பாட்டிட்டீக?"

அருள்சாமி எழுந்து போனார். குறைக்கச் சொன்னபோதெல்லாம் குறைத்தே பேர் வாங்கிய மனிதர் நாசரின் கையை விலக்கி, பேஸ் குமிழை முடிந்தவரைக்கும் திருகினார்.

"இதுல இனி கை வைக்காத நாசரு. என் பொண்டாட்டி கேட்டுக்கிட்டு இருக்கா."