இடது கைக்கு ஊதிய விசில்

சனிக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிஷத்துக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தையும் என் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டு, எது தப்பு என்று அப்போது மனைவியிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கையில் தந்தியோடு வந்தார். கரூருக்குக் கல்யாணத்துக்குப் போன டிரில் டீச்சர் ரயிலைத் தவறவிட்டுவிட்டாராம். பந்தயத்துக்கு வந்த ஸ்ரீரங்கத்துப் பள்ளிப் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நிற்கிறார்கள். விசில் ஊத ஆள் இல்லை.

"நீங்கதான் சார் ஊதணும்."

"நானா? நான் அந்தப் பந்தைத் தொட்டதுகூட இல்லைங்க."

"ரூல் புஸ்தகம் முழுக்க உங்க கையெழுத்துலதானே இருக்கு? உங்களைவிட யாருக்கு சார் தெரியும்?"

அது உண்மைதான். கூடைப்பந்து என்ற ஆட்டத்தைப் பள்ளியில் ஆரம்பித்தபோது, விதிகள் இங்கிலீஷில் இருந்தன. கலெக்டர் ஆபீஸில் இருபது வருஷமாக இங்கிலீஷில் குறிப்பெழுதுகிறவன் என்பதால், பெண்கள் படிப்பதற்குத் தமிழில் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். என் மகளும் அந்தக் கோஷ்டியில் இருந்தாள். மறுக்க முடியவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின.

இப்படி ஒரு ஆட்டத்தை நான் கண்டதில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. நடக்க வேண்டுமென்றால் தரையில் தட்டிக்கொண்டே போக வேண்டும். தட்டுவதை ஒரு முறை நிறுத்திப் பிடித்துவிட்டால் மறுபடி தட்டக் கூடாது. இன்னொருத்தியிடம் எறிய வேண்டும், அல்லது கூடையில் போட வேண்டும். பிடித்தபடி நின்றால் ஒரு காலை ஆணியடித்தாற்போல் ஊன்றிக்கொண்டு மற்றக் காலை எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பலாம். ஊன்றிய கால் பெயரக் கூடாது. எதிராளியைத் தள்ளக் கூடாது, பிடிக்கக் கூடாது, இடிக்கக் கூடாது. நாலு தரம் அப்படிச் செய்தவள் வெளியே. கூடையோ பத்தடி உயரத்தில் இருக்கிறது. இத்தனை கூடாதுகளுக்கு நடுவில் ஒருத்தி அதற்குள் பந்தை எப்படிப் போடுவது என்று கேட்டால், முழங்காலைத் தாழ்த்தி, இரண்டு கைகளாலும் மார்பருகில் பிடித்து, விரல் நுனியால் மேலே அனுப்பு என்கிறது புத்தகம். எங்கள் ஆபீஸ் விதிகளே தேவலை.

எழுதும்போது ஓரிடத்தில் நின்றேன். எதிராளி எந்தப் பக்கம் வருகிறாளோ, அதற்கு மறுபக்கத்துக் கையால் பந்தைத் தட்ட வேண்டும். இடது கையையும் வலது கை போலவே பழக்க வேண்டும் என்று இருந்தது. பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பாடமா இது? என் மகள் பிறவியிலேயே நொட்டாங்கைப் பழக்கக்காரி. வாயில் முதல் கவளம் வைத்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாக "கையை மாத்து, கையை மாத்து" என்று சொல்லியே அவளைத் திருத்தியிருந்தோம். சாமான் கொடுக்க, வாங்க, எழுத எல்லாவற்றுக்கும் வலக்கைதான். அதை ஒரு பந்துக்காகக் கெடுத்துக்கொள்வதா? 'எதிராளி நெருங்கினால் உடம்பைக் குறுக்கே விட்டு, வலக்கையால் தட்டுக' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். யாரும் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

இந்த லட்சணத்தில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செம்மண் மைதானத்தின் நடுவே போய் நின்றேன். செருப்போடு வரக் கூடாது என்றார்கள். வேட்டியைத் தூக்கிக் கட்டினேன். தாய்மார்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது: "ஆபீஸ்ல ஃபைலைப் பாக்குற மாதிரி பாக்காதீங்க. பந்தைப் பாருங்க!" பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள்.

நடுவில் இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்திப் பந்தை மேலே போட வேண்டும். இருவரும் எம்பித் தட்ட வேண்டும். நான் போட்ட பந்து சாய்ந்து ஸ்ரீரங்கத்துப் பெண்ணின் தோளில் விழுந்தது. "அது செல்லாது, மறுபடியும்" என்றேன். இரண்டாவது தடவையும் அப்படியே. ஸ்ரீரங்கத்துத் தலைவி உயரமானவள், நேராகப் பேசுகிறவள். "சார், பந்தை உயரப் போடணும். நைவேத்தியம் வைக்கிற மாதிரி வைக்கிறேளே" என்றாள். அப்போதும் சிரிப்பு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூடைக்கும் மறுபடி நடுவுக்கு வந்து பந்தை மேலே போட வேண்டும். அதுதான் விதி. யார் எத்தனை அடி வைத்தாள் என்று கால்களைப் பார்த்தால் கைகள் தள்ளுவது தெரியவில்லை. கைகளைப் பார்த்தால் கால்கள் நடந்துவிடுகின்றன. "அவ நடந்துட்டா சார்!" "இல்லே சார், ஒரு கால் ஊனியிருந்தேன்!" பத்துப் பெண்களும் ஒரே சமயத்தில் வக்கீல்களாகிவிட்டார்கள். தலைமுடி பிரிந்ததற்கெல்லாம் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார்கள். பாதி ஆட்டம் முடிவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

ஆறுக்கு ஆறு என்று இருந்தபோது என் மகளிடம் பந்து வந்தது. அவள் தலை நிமிர்ந்து, பந்தைப் பார்க்காமலே தட்டிக்கொண்டு போனாள். அப்படித்தான் போக வேண்டும் என்று எழுதியவனே நான்தான். ஆனாலும் கண்ணால் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஸ்ரீரங்கத்துத் தலைவி வலப்பக்கமாக வந்து மறித்தாள். என் மகள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பந்து அவளுடைய இடது கைக்கு மாறியது. அந்தக் கையில் பந்து ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. எதிராளியைச் சுற்றிக்கொண்டு கூடையை நோக்கி ஓடினாள்.

நான் விசில் ஊதினேன்.

ஏன் ஊதினேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். யோசித்து ஊதவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் 'கையை மாத்து' என்று வாயில் வருமே, அதே வேகத்தில் காற்று விசிலுக்குள் போய்விட்டது. அவள் விதிப்படி அந்த இடத்திலேயே நின்று, என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஓடிவந்த பெண்ணால் நிற்க முடியவில்லை. இருவரும் விழுந்தார்கள். என் மகள் இடது மணிக்கட்டின் மேல் விழுந்தாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். கை அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. அவள் அழவில்லை.

"நான் என்ன ஃபவுல் பண்ணினேன்ப்பா?"

ஸ்ரீரங்கத்துத் தலைவியும் அதையே கேட்டாள்: "அவ ஒண்ணுமே பண்ணலியே சார். எதுக்கு ஊதினேள்?" எதிர்க்கட்சிக்காரியே என் மகளுக்காகப் பரிந்து பேசினாள். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

லேடி டாக்டர் வீட்டுக்கு ஆள் போனது. அவர் ஒரு பிரசவத்துக்கு ஸ்ரீரங்கம் போயிருப்பதாகத் தெரிந்து, பள்ளிக்கூடத்துப் பியூன் சைக்கிளில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போனான். நாங்கள் ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு அவளைப் படுக்க வைத்தோம். அப்புறம் ஆளுக்கொரு யோசனை. ஒருத்தர் விளக்கெண்ணெய் போட்டு உருவு என்றார். உருவவே கூடாது என்றார் இன்னொருத்தர். புளியைக் கரைத்துப் பத்துப் போட வேண்டுமாம். வண்டிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, தனக்குத் தெரிந்த நாட்டு வைத்தியர் ஒரே இழுப்பில் நேராக்கிவிடுவார் என்றார். அந்த ஒரே இழுப்புக்குத்தான் நான் பயந்தேன். லால்குடிப் பக்கம் எங்கள் ஊரில் என் ஒன்றுவிட்ட தம்பிக்கு அப்படி இழுத்துக் கட்டிய கை, இன்றுவரை ஒரு டம்ளரைப் பிடிக்காது. எலும்பு முறிந்திருந்தால் இவளுக்கும் அதுதான். யாரையும் தொட விடவில்லை. ஈரத் துணியை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டேன்.

என் மனைவி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நல்ல வேளை, இடது கையாப் போச்சு."

எனக்குச் சுரீரென்றது. "எந்தக் கையானா என்ன? கை கைதானே!" என்று கத்திவிட்டேன். அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி சொன்னதில் புதிதாக எதுவும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக நான் சொன்னதுதான் அது.

கும்பல் கலைந்த பிறகு மகளிடம் உண்மையைச் சொன்னேன். இங்கிலீஷ் புத்தகத்தில் இரண்டு கையும் பழக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, நான்தான் மாற்றி எழுதினேன், நீ செய்தது சரி என்று.

"தெரியும்ப்பா" என்றாள். "டீச்சர் இங்கிலீஷ் புத்தகத்துல அந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்டினாங்க. எனக்கு இடது கையாலதான் நல்லா வருதுன்னும் சொன்னாங்க."

"ஏன் என்கிட்டே சொல்லலை?"

"மூணு ஞாயித்துக்கிழமை உக்காந்து எழுதினீங்களே. எப்படிச் சொல்றது?"

வெளியே சில பெண்கள் ஆட்டத்தை மேலே நடத்துவதா, ஆறுக்கு ஆறென்றே முடிப்பதா என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காரணமில்லாமல் விசில் ஊதினால் பந்து யாருக்கு என்று ஒருத்தி கதவருகே வந்து என்னைக் கேட்டாள். "போம்மா, புத்தகத்தைப் பாரு" என்றேன். பிறகுதான் அது என் புத்தகம் என்று நினைவு வந்தது.

மகளின் விரல்கள் தடித்துக்கொண்டே வந்தன. அசைக்கச் சொல்லிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஒவ்வொரு ஜட்கா வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து வாசலுக்குப் போனேன்; ஒவ்வொன்றும் வேறு எங்கோ போயிற்று.

ஆறு மணிக்கு மேல் லேடி டாக்டர் வந்து சேர்ந்தார். சேலைத் தலைப்பு இன்னும் இடுப்பில் செருகியபடி இருந்தது. நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்து, மணிக்கட்டை இரண்டு விரல்களால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். கட்டைவிரலை அசைக்கச் சொன்னார், அசைந்தது. மற்ற விரல்களை மடக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினாள்.

"எலும்பு முறியலை. சுளுக்குதான், ஆனா பலமான சுளுக்கு" என்றார். கட்டுத் துணியைப் பிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீங்கதானே அப்பா? மூணு வாரம் கட்டு இருக்கட்டும். அவுத்ததும் சும்மா வச்சிருக்கக் கூடாது, கை விறைச்சுப் போயிடும். தினம் அரை மணி நேரம் இந்தக் கையாலேயே பந்தைத் தட்டச் சொல்லுங்க. வலக்கைக்கு மாத்திக்கிறாளான்னு பக்கத்துல நின்னு பாத்துக்கிறது உங்க பொறுப்பு."